சேம அச்சும் திறவாத பானட்டும்

இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சின் ஆயிலுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பைப் பற்றியதே இக்கட்டுரை. சிலப்பதிகாரத்து யாழ் வகைகளைப் பற்றி இரண்டு மணி நேரம் விவாதிக்க வல்ல நம் நண்பர்களுள் பலருக்கு, ஏழெட்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய தம் காரின் பானட்டை எந்தக் கைப்பிடியை இழுத்துத் திறப்பது என்பது தெரியாது. தெரியாமலிருப்பது குற்றமன்று. தெரியாததையே ஒரு தகுதிபோலச் சொல்லிக்கொள்வதுதான் நம்மை எழுதத் தூண்டுகிறது. “இந்த மெக்கானிக் வேலையெல்லாம் நமக்கு வராதுங்க, ஓட்ட மட்டும்தான் தெரியும்” என்று சொல்லும் குரலைக் கவனித்துப் பாருங்கள். அதில் கூச்சம் இருக்காது. மெல்லிய பெருமிதம் இருக்கும். வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆணின் குரலில் ஒலிக்கும் அதே பெருமிதம்.

நம் தரப்பைத் தொடக்கத்திலேயே தெளிவாக வைத்துவிடுகிறோம். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், அதன் அன்றாடப் பராமரிப்பையும் சிறு பழுதுகளையும் தம் வீட்டு வாசலில் தாமே பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யாததற்கு நாம் அடுக்கும் காரணங்களுள் பெரும்பாலானவை, கைவேலையின் மீது நமக்குள்ள பழைய இளக்காரம் போட்டுக்கொண்ட புதிய வேடங்கள். அந்த இளக்காரத்தை முதலாக வைத்து ஒரு பெரிய வணிகம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நாம் பணத்தால் விலை கொடுக்கிறோம். சில வேளைகளில் உயிராலும் கொடுக்கிறோம்.

பழந்தமிழிலிருந்தே தொடங்குவோம், இங்கே வருவோர்க்கு அது பழகிய நிலம். புறநானூற்றின் 102ஆம் பாடலில், பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் அவனை ஒரு சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உமணர் உப்பு வண்டி ஓட்டிச் செல்கின்றனர். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் வரும் மேடு பள்ளத்தை யாரும் அறியார். ஆகையால் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துச் செல்கிறார்கள். அரசனைப் புகழ உலகில் எத்தனையோ பொருள்கள் இருக்க, ஔவை வண்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார். அங்கே கண்ட ஓர் உதிரி பாகத்தை உவமையாக எடுத்து வந்திருக்கிறார். இந்த உவமையின் அழகை வியந்து எழுதியவர்கள் பலர். அதற்குள் அடங்கியிருக்கும் எளிய செய்தியை நாம் கவனிக்கத் தவறுகிறோம். அச்சு முறிந்தால் அதை மாற்றப் போகிறவர் அந்த உமணரேதான். நடுக்காட்டில் அவருக்கு வேறு யார் வருவார்? வண்டியைச் செலுத்துவதும் வண்டியைச் செப்பனிடுவதும் அன்று ஒரே மனிதரின் இரு கைகளாக இருந்தன.

அந்தச் சேம அச்சின் இக்காலப் பேரப்பிள்ளைதான் நாம் ஸ்டெப்னி என்றழைக்கும் மாற்றுச் சக்கரம். சொல்லின் வரலாறு சுவையானது. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்று, பஞ்சரான சக்கரத்தின் மேல் பொருத்திக்கொள்ளும் துணைச் சக்கரத்தைச் செய்து விற்றது. அந்த ஊரிலும் நாட்டிலும் அப்பெயர் ஏறக்குறைய மறைந்துவிட்டது; நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் இன்றும் வாழ்கிறது. சொல் வாழ்கிறதே தவிர, பொருள் மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி ஆகியவை இருந்தால், 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. இடமும் எடையும் மிச்சம் என்கிறார்கள். தொழில்நுட்ப நியாயம் அதில் உண்டுதான். ஆனால் இத்திருத்தம் வந்தபோது பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. டிக்கியின் அடியில் கிடந்த அச்சக்கரத்தை நம்முள் பலர் ஒருமுறைகூடக் கையால் தொட்டதில்லை. தொடாத பொருள் தொலைவதை யார் உணர்வார்?

ஆண்டுக்கு ஒரு நாள் நாமும் தொடுகிறோம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவுகிறோம். சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சூட்டி, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் பொட்டு வைக்கிறோம். மறுநாளிலிருந்து அந்த ஸ்பானரைக் கையில் எடுப்பவருக்கு நம் வீட்டுக்குள் இருக்கை கிடையாது. வாசலில் நிற்க வைத்துப் பேசுகிறோம். தண்ணீர் கேட்டால் தனித் தம்ளரைத் தேடுகிறோம். கருவியைக் கும்பிட்டுவிட்டு, கருவியை எடுக்கும் கையை விலக்கி நிறுத்தும் பண்பாட்டை என்ன பெயரிட்டு அழைப்பது? அதன் பெயர் சாதி. எழுத்து ஒரு சாராருக்கு, இரும்பு இன்னொரு சாராருக்கு என்று நெடுங்காலம் பங்கிட்டு வைத்த சமூகம் நம்முடையது. மண்ணில் மல்லாந்து படுத்து வண்டியின் அடியில் நுழைவதற்கு நம் உடல் கூசுகிறதென்றால், அந்தக் கூச்சம் பிறவியில் வந்ததன்று, சொல்லிக் கொடுக்கப்பட்டது.

பாரதியின் ‘தொழில்’ பாடலை மேடைகளில் முழங்குகிறோம். நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகளை நடத்துகிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. ஒரகடத்தில் 2010 முதல். சென்னையைச் சுற்றி ஓர் உலகச் சந்தைக்கே கார் செய்துகொண்டிருக்கும் மாநிலத்தில், இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்ற இளைஞர் பஞ்சரான தம் சக்கரத்தைக் கழற்றக் கைப்பேசியில் ஆள் தேடுகிறார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கோவை ஜி. டி. நாயுடு (1893–1974), தம் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டியே இயந்திரத்தைக் கற்றார் என்பதை நாம் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அவரைப் போலவே ஒரு பிள்ளை வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டால் முதுகில் இரண்டு வைக்கிறோம்.

இனி, நம் தரப்புக்கு வழக்கமாக வரும் மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் மறுப்பு: “அம்பாசிடர் காலத்தில் சரி. இன்றைய கார் நான்கு சக்கரம் பூட்டிய கணினி. அதில் சாமானியன் கைவைக்க என்ன இருக்கிறது?” கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் வாதம் இது. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. மாருதி 800இன் உற்பத்தியும் அதே ஆண்டில்தான் நின்றது. கார்புரேட்டரைத் திருகி எஞ்சினின் மூச்சைச் சீராக்கிய தலைமுறையின் அறிவில் ஒரு பகுதி காலாவதியாகிவிட்டது என்பது உண்மையே. ஆனால் கணினி வந்ததால் பழுதை அறிவது கடினமாகிவிட்டது என்பது பொய். உண்மை இதற்கு நேரெதிர். நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பெட்ரோல், டீசல் கார்களில் ஓட்டுநரின் கால்களுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில், பதினாறு துளைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கிறது. ஓபிடி என்பது அதன் பெயர். கட்டைவிரல் பருமனே உள்ள மலிவான கருவியொன்றை அதில் செருகினால், கார் தன் நோயைத் தானே கைப்பேசியில் எழுதிக் காட்டுகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி0171 என்றால் கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது. பி0420 என்றால் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி தன் வேலையைச் சரிவரச் செய்யவில்லை. இவை யாரோ ஒரு நிறுவனத்தின் இரகசியங்கள் அல்ல. பொதுத் தரமாக வகுக்கப்பட்ட எண்கள். எண் நோயின் பெயரைச் சொல்லுமே தவிரக் காரணத்தை முழுவதும் சொல்லாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். முதல் சிலிண்டரில் எரிதல் தவறுவதற்குத் தீப்பொறிச் செருகி காரணமா, அதன் காயில் காரணமா என்று அறிய, அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். எண் பி0302 என்று இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. யாப்பில் தளை தட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தருக்கம் புரியாமற் போகாது.

இரண்டாம் மறுப்பு: “வெளியில் கைவைத்தால் வாரண்டி போய்விடும்.” இந்த அச்சம் தானாக முளைத்ததன்று, பயிரிடப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கும் தனி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்காமல் தடுத்தார்கள், வெளியே பழுதுபார்த்தால் வாரண்டி ரத்து என்று மிரட்டும் விதிகளை வைத்திருந்தார்கள் என்பவை அந்த ஆணையின் மையமான குற்றச்சாட்டுகள். வழக்குகள் பின்னர் மேல்முறையீட்டுக்குப் போயின. தொகை என்னவாயிற்று என்பதைவிட, நாட்டின் ஓர் அமைப்பு இதை எழுத்தில் பதிவு செய்தது என்பதே நமக்கு முக்கியம். 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையவாயிலை ஒன்றிய அரசு தொடங்கியது. அதில் கார்த் துறையும் இடம்பெற்றது. நல்லதுதான். ஆனால் வாயில் வேறு, சட்டம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் 2012இலும் மீண்டும் 2020இலும் நேரடியாக வாக்களித்து, தங்கள் காரைத் தாங்கள் விரும்பிய இடத்தில் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையை நிலைநாட்டினார்கள். நாமோ வாரண்டி நூலின் பொடி எழுத்தைப் படித்துப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல், கவுண்டரில் இருப்பவர் சொன்னதை வேதமாகக் கொள்கிறோம். ஏர் ஃபில்டரை நீங்களே மாற்றினால் கியர்பாக்ஸுக்கு வாரண்டி எப்படிப் போகும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவரின் முகமே விடை சொல்லும்.

அந்தக் கவுண்டரில் நடப்பதையும் சற்றுச் சொல்லியாக வேண்டும். வண்டியை விட்டுவிட்டுக் குளிரூட்டப்பட்ட அறையில் உட்காருகிறோம். கண்ணாடிக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியாது. சற்று நேரத்தில் ஒருவர் தாளோடு வருகிறார். எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி சுத்தம், ஏசி கிருமிநீக்கம், அடிப்பூச்சு என்று பட்டியல் நீள்கிறது. இவையனைத்தும் எந்நாளும் தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. எந்த வண்டிக்கு, எத்தனை கிலோமீட்டரில், எதற்காகத் தேவை என்று கேட்கத் தெரியாதவரிடமே எல்லாம் சேர்த்து விற்கப்படுகின்றன. காரோடு வந்த கையேட்டில் எது எப்போது என்று அட்டவணை போட்டுத் தந்திருக்கிறார்கள். அந்தக் கையேடு உறை பிரிக்கப்படாமல் டேஷ்போர்டில் உறங்குகிறது. பத்து உரைகளை ஒப்பிட்டுக் குறளைப் படிப்பவர்கள்கூடத் தம் சொந்த உடைமையைப் பற்றிய ஒரே ஒரு நூலைப் படிப்பதில்லை.

மூன்றாம் மறுப்பு சற்று நுட்பமானது. நல்ல மனம் உள்ளவர்களிடமிருந்து வருவது. “எல்லாரும் தாமே செய்துகொண்டால் தெருமுனை மெக்கானிக் பிழைப்பது எப்படி?” இக்கேள்வியை மதிக்கிறோம். ஆயினும் தெருமுனைப் பட்டறையை அழித்துக்கொண்டிருப்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபில்டர் மாற்றும் வீட்டுக்காரர் அல்லர். மென்பொருளைப் பூட்டி வைப்பதும், பழுதறியும் கருவியைத் தராமலிருப்பதும், அசல் பாகத்தை விற்க மறுப்பதும்தான் அதை அழிக்கின்றன. தன் வண்டியை அறிந்தவரே நல்ல மெக்கானிக்கின் அருமையையும் அறிவார். நான்கு சக்கரக் கொட்டைகளைத் தம் கையால் ஒருமுறை கழற்றியவர், கிளட்ச் பிளேட் மாற்ற அரை நாள் வண்டியின் அடியில் கிடந்தவரிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டார். அத்துடன், பட்டறையில் ‘டேய் பையா’ என்று விரட்டப்பட்டு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் சிறுவனைப் பார்த்ததும் எழ வேண்டிய கோபம் நமக்கு எழாததற்குக் காரணம், அந்த இடமே நமக்கு அயல்நாடாக இருப்பதுதான். அறியாமை எவருடைய பிழைப்பையும் காப்பதில்லை, சுரண்டலைத்தான் காக்கிறது.

நான்காம் மறுப்பு: “ஆபத்து.” இதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஏற்பதனால்தான் கற்க வேண்டும் என்கிறோம். வீட்டில் செய்யக்கூடாதவை உண்டு. ஏர்பேக், ஸ்டியரிங், பெட்ரோல் செல்லும் குழாய்கள், ஏசி வாயு ஆகியவற்றில் அரைகுறை அறிவோடு கைவைப்பது அறிவீனம். மின்காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அவற்றின் அருகே பயிற்சி இல்லாதவர் போகவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி எந்நாளும் வண்டியின் அடியில் நுழையக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கொல்லும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. ஏன் என்பதை நம் சமையலறையே சொல்லும்: அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடி விலகிய கணத்தில் ஆவியாய்ச் சீறும். குக்கரைக் கையாளும் கைகளுக்கு இது புதிய பாடமில்லை. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும்; பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். நேர்முனையை முதலில் தொட்டால், ஸ்பானரின் மறுமுனை வண்டியின் உடலில் பட்டு மின்சுற்று ஏற்படும், தீப்பொறி பறக்கும். இந்த விதிகளையெல்லாம் எழுதிவிட ஒரு பக்கம் போதும். ஆனால் தாய்மொழியில் அந்த ஒரு பக்கத்தை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியும் தருவதில்லை.

அறியாமையும் ஆபத்துதான் என்பதை யாரும் பேசுவதில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னை நீரில் மூழ்கியது. கார்கள் காகிதக் கப்பல்களைப் போல் மிதந்த காட்சிகளை அனைவரும் கண்டோம். வெள்ளம் எஞ்சினுக்குக் கேடுதான். ஆனால் வெள்ளத்தில் நின்ற எஞ்சினை உண்மையில் உடைப்பது, நீர் வடிந்ததும் ஆவலோடு திருப்பப்படும் சாவி. நடப்பது இதுதான். காற்று உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கிறது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சாவியைத் திருப்பியதும் பிஸ்டன் மேலேறி நீரில் முட்டுகிறது. அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. அத்துடன் எஞ்சின் முடிந்தது. இவ்வாறு சுழற்றியதால் நேர்ந்த சேதத்தை, தனியாக எஞ்சின் காப்பு எடுத்திருந்தாலன்றிக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பானட்டைத் திறக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? சாவியைத் தொட மாட்டார். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து அது நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்ப்பார். ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறிவார். பிறகு வண்டியை இழுத்துச் செல்ல ஆள் அழைப்பார். ஐந்து நிமிட அறிவு. ஓர் எஞ்சினின் விலை. ஆண்டுக்கணக்கில் கடன் தவணை கட்டி வாங்கிய வாடகைக் காரை ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது வாழ்வின் விலை.

டயருக்கு வருவோம். தேய்மான எல்லை 1.6 மில்லிமீட்டர். அதைக் காட்டுவதற்கென்றே டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைச்சாலையில் அத்தகைய டயர் தண்ணீரின் மேல் வழுக்கும், பிரேக் பிடித்தாலும் நிற்காது. காற்றழுத்தம் எவ்வளவு என்று ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையிலேயே அளக்க வேண்டும். பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி. மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வருகையில் திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் அந்தச் சிறு குடுவையை எப்போது கடைசியாகப் பார்த்தார்கள்? திரவத்தை மாற்றும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுங்கள். மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியும் வேலை உங்களுடையது.

ஆகவே வீட்டில் செய்யத்தக்கவை எவை? ஏர் ஃபில்டர், ஏசிக் காற்றின் ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல்பு, ஃபியூஸ் ஆகியவற்றை மாற்றுவதற்குச் சில கார்களில் திருப்புளிகூட வேண்டாம். பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்பொடியை, முனைகளைக் கழற்றியபின் வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் துலக்கலாம். ஆயில், கூலண்ட் அளவுகளை வாரம் ஒருமுறை பார்க்கலாம். சக்கரம் மாற்றலாம்: கைப்பிரேக்கைப் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, கொட்டைகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்தி, பிறகு தூக்கி, திரும்பப் பூட்டுகையில் ஒன்றுக்கு எதிரே இன்னொன்றாக முறுக்க வேண்டும். சற்றுக் கை தேர்ந்தபின், சொந்த வாசல் உள்ளவர்கள் ஆயிலையே மாற்றலாம். ஆனால் வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறவர் நம் தரப்பினர் அல்லர். அதைக் கேனில் பிடித்து, கழிவு ஆயிலை முறையாகச் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும். அடுக்குமாடிகளில் வாழ்வோருக்கு இடமில்லை என்பது மெய்யான தடைதான். வண்டி நிறுத்துமிடத்தில் பானட்டைத் திறந்தாலே முகம் கறுக்கும் குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன. ஆயில் சிந்துவதைத் தடுக்க விதி வையுங்கள். ஃபில்டர் மாற்றுவதை ஏன் தடுக்கிறீர்கள்? அங்கும் கறுப்பது தரையன்று, கௌரவம்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. பட்டறைத் தமிழ் உயிரோட்டம் மிக்கது. திருப்புளி, குறடு, மரை, ஆப்பு, முட்டு, அச்சாணி என்ற பழஞ்சொற்கள் அங்கே டிங்கரிங், ரிஞ்ச், ஜாக்கி, பனியன் வேஸ்ட் என்ற புதுச்சொற்களோடு தோளில் கைபோட்டு நடக்கின்றன. ‘மரை கழன்றவன்’ என்று ஒருவரை ஏசுகிறோம். அந்த மரை எந்த ஆணியில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்ற இரண்டு சொற்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முழுத் துயரத்தையும் ஒரு மெக்கானிக் சொல்லிவிடுகிறார். இந்தச் சொல்வளம் நம் அகராதிகளுக்குள் போதிய அளவு வரவில்லை. நம் கதைகளுக்குள் அதைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. நம் புனைவுகளில் கார் வரும், போகும், விபத்தில் சிக்கும். அதைத் திறந்து பார்க்கும் கண் அரிதாகவே வரும். ஔவைக்கு வண்டியின் அடிப்பக்கம் கவிதையாக இருந்தது. நமக்கு அது அழுக்காக மட்டும் தெரிகிறதென்றால், குறைபாடு வண்டியிலில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. அரசு, பழுதுபார்க்கும் உரிமையை இணையவாயிலோடு நிறுத்தாமல் சட்டமாக்க வேண்டும். உதிரி பாகமும் பழுதறியும் தகவலும் உரிமையாளருக்கும் தனி மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும். நிறுவனங்கள், தமிழ் மண்ணில் செய்து தமிழரிடம் விற்கும் காரின் கையேட்டை நல்ல தமிழிலும் தர வேண்டும். படங்களோடு, பட்டறைச் சொற்களோடு. மூன்றாவது கோரிக்கை நம்மிடமே. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்ற பெயரில் கைகளை விடுப்பில் அனுப்பி வைத்திருப்பதை நிறுத்த வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டுக்கும் காத்திருக்க வேண்டும்; போராடவும் வேண்டும். மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, கையேட்டை எடுத்து உறையைப் பிரியுங்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளை, மகன் மகள் என்ற வேறுபாடில்லாமல், அருகே கூப்பிடுங்கள். பழைய துணியொன்று கையில் இருக்கட்டும். டேஷ்போர்டின் அடியில் இருக்கும் அந்தச் சிறு கைப்பிடியை இழுத்துப் பானட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பாருங்கள். கையில் கறை படியும். சோப்புப் போட்டால் போய்விடும்.